இயற்கைப் பூண்டு வளர்ப்பும் ரகத் தேர்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாருக்காவது விதைப்பூண்டு கொடுத்தால் ஒரு வாரத்துக்குள் தொலைபேசி ஒலிக்கும். கேட்பவர்தான் மாறுவார், கேள்வி மாறாது. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சலித்துப்போய் எழுதிவைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே விட்டிருக்கிறேன். எளிய சந்தேகங்கள் முன்னால், சிக்கலானவை பின்னால். ஒருமுறை சொன்னதை மறுபடி சொல்ல மாட்டேன், ஆகவே வரிசையாகப் படித்துவிடுங்கள்.

சமையலுக்கு வாங்கிய பூண்டையே நட்டால் முளைக்காதா? அதற்கென்று தனியாக ஏன் வாங்க வேண்டும்?

பெரும்பாலும் முளைக்கும். ஆனால் முளைப்பது வேறு, விளைவது வேறு. சமையல் பூண்டு எந்த ரகம், எப்படிப்பட்ட தட்பவெப்பத்தில் விளைந்தது என்று விற்பவருக்கே தெரிந்திருக்காது. இருப்பில் முளைவிடாமல் இருக்க மலீயிக் ஹைட்ரசைடு என்ற மருந்தைப் பயிரிலேயே தெளித்திருக்கலாம், அல்லது அறுவடைக்குப் பின் கதிர்வீச்சு கொடுத்திருக்கலாம். அப்படிப்பட்ட பல் மண்ணுக்குள் கிடந்து அழுகும்.

இதைவிடப் பெரிய கவலை நோய். பூண்டைத் தாக்கும் நூற்புழுவும் சில பூஞ்சைகளும் பல்லோடு ஒட்டிக்கொண்டு உங்கள் நிலத்துக்குள் வந்துவிடும். வந்தவை லேசில் போகாது. தொட்டியில் நட்டுத் தாளைப் பறித்துக்கொள்ள நினைத்தால் கடைப் பூண்டே போதும். நிலத்தில் இறக்க, விதைக்கென்றே வளர்த்த பூண்டை வாங்குங்கள்.

பூண்டுக்கு விதையே கிடையாதா?

விதைப்பூண்டு என்று விற்கப்படுவது நடுவதற்கான பல்தான். காலங்காலமாகப் பல்லை நட்டே பெருக்கியதால் பூண்டு ரகங்களில் பெரும்பாலானவை விதை பிடிக்கும் திறனை இழந்துவிட்டன. விதை பிடிக்கக்கூடிய செடிகள் பூண்டின் பூர்வீகமான மத்திய ஆசியாவில் இன்னும் இருக்கின்றன. 1980களில் ஆராய்ச்சியாளர்கள் அங்கே சென்று சேகரித்துவந்த செடிகளிலிருந்துதான் உண்மையான பூண்டு விதை கிடைத்தது. சாதாரண விவசாயி கைக்கு அது வருவது அரிது.

பல்லை நடும்போது முளைப்பது தாய்ச்செடியின் பிள்ளை அல்ல, தாயேதான். குணம் மாறாது, ரகம் கலக்காது. தாய்க்கு இருந்த நோயும் அப்படியே வந்துசேரும். பின்னால் வரும் பல கேள்விகளுக்கு இந்த ஒன்றுதான் அடிப்படை.

பட்டியலைத் திறந்தால் நூற்றுக்கணக்கான பெயர்கள். எதை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பெயர்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: தண்டு விடும் பூண்டு, தண்டு விடாத பூண்டு. முதல் வகையில் நடுவிலிருந்து கெட்டியான பூந்தண்டு ஒன்று எழும். அதைச் சுற்றி ஒரே வட்டமாகப் பற்கள் அமைந்திருக்கும். எண்ணிக்கை குறைவு, பல் பெரிது, உரிப்பது எளிது. இரண்டாவது வகையில் தண்டு வராது. கழுத்து மெல்லியதாக இருப்பதால் பின்னலாகப் பின்னித் தொங்கவிடலாம். பற்கள் அடுக்கடுக்காக இருக்கும், உள்ளே போகப்போகச் சிறுத்துக்கொண்டே போகும். பொதுவாகத் தண்டு விடுபவை குளிர் நாட்டுப் பூண்டுகள். தண்டு விடாதவை மிதமான குளிரிலும் ஒப்பேற்றிவிடும்.

தண்டு விடுபவற்றில் பார்சலின் குழு பளிச்சென்ற வெள்ளைத் தோலும் நான்கு முதல் ஆறு வரையிலான தடித்த பற்களும் கொண்டது. ‘மியூசிக்’ என்ற ரகம் இந்தக் குழுவில் பெயர்பெற்றது. ரோக்கம்போல் குழுவின் தோல் மங்கலான பழுப்பு; பார்க்க அழகில்லை, சுவையில் பலருக்கும் முதலிடம், இருப்பில் கடைசி இடம். ஊதா வரிக் குழு பெயருக்கேற்பத் தோலில் கோடு போட்டிருக்கும். ‘செஸ்னாக் ரெட்’ இதைச் சேர்ந்தது, வாட்டினால் இனிக்கும். தண்டு விடாதவற்றில் இரண்டு குழுக்கள் முக்கியம். ஆர்டிசோக் பெரிதாக, சீக்கிரமாக விளையும்; ‘இஞ்செலியம் ரெட்’ அதில் ஒன்று. சில்வர்ஸ்கின் தாமதமாக விளைந்து நீண்ட காலம் தாங்கும். இவற்றோடு, வெப்பம் தாங்குவதில் பெயரெடுத்த கிரியோல் குழுவையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். செந்நிறத் தோல், சிறிய உருவம், நல்ல காரம்.

முதல் ஆண்டு ஒரே ரகத்தில் மொத்தப் பணத்தையும் போடாதீர்கள். குழுவுக்கு ஒன்றாக மூன்று ரகம், ரகத்துக்குக் கால் கிலோ, பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில். எது பொருந்தும் என்று உங்கள் மண்ணே சொல்லிவிடும். என் சிபாரிசைவிட அது நம்பகமானது.

எங்கள் பகுதியில் குளிர் என்பதே பெயருக்குத்தான். பூண்டு வருமா, வராதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அதிகம் பேர் கைசுட்டுக்கொள்வதும் இங்கேதான். பூண்டு பற்களாகப் பிரிய இரண்டு சைகைகள் வேண்டும். முதலில் குளிர்: ஏறத்தாழ 0 முதல் 10 டிகிரி செல்சியஸ் வரையிலான தட்பத்தில் சில வாரங்கள். பிறகு, பகல் நீளமும் வெப்பமும் கூடுவது. குளிர் கிடைக்காத பல் பச்சைப்பசேலென்று தாள் விடும், நிமிர்ந்து நிற்கும், பார்ப்பவர் கண் படும். பிடுங்கினால் அடியில் பிரியாத ஓர் உருண்டை, அல்லது வெங்காயத்தாள் போல வெறும் தண்டு. உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் கொட்டியவர்களை எனக்குத் தெரியும். உரத்தின் மேல் குற்றமே இல்லை.

குளிர் குறைவான இடத்தில் இரண்டு காரியங்கள் செய்யலாம். கிரியோல், ஆர்டிசோக் போன்ற குழுக்களிலிருந்து ரகம் தேர்ந்தெடுப்பது ஒன்று. நடுவதற்கு முன் ஆறு முதல் எட்டு வாரங்கள் முழுப்பூண்டைக் காகிதப் பையில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பது இன்னொன்று. வெளியே எடுத்ததும் தாமதிக்காமல், ஆண்டிலேயே குளிர்ச்சியான பருவத்தில் நட்டுவிட வேண்டும். எடுத்த பூண்டைச் சூடான அறையில் பல நாள் போட்டுவைத்தால் வாங்கிய குளிரைப் பூண்டு மறந்துவிடும்.

இரவும் பகலும் ஆண்டு முழுதும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காத இடமென்றால், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: தாளுக்காக வளர்க்கலாம், முழுப்பூண்டை எதிர்பார்க்க வேண்டாம். பூமத்திய ரேகைக்கு அருகில் உள்ளவர்களுக்குப் பகல் நீளமும் பெரிதாக மாறாது. அங்கே குளிர்ந்த மலைப்பகுதிகளில் நெடுங்காலமாகப் பயிராகிவரும் உள்ளூர் ரகங்கள் மட்டுமே கைகொடுக்கும். பட்டியலில் அழகாகப் படம் போட்டிருக்கும் குளிர் நாட்டு ரகம் உதவாது.

நடும் முறையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

நடுவதற்கு ஓரிரு நாள் முன்னால் மட்டும் பூண்டை உடைத்துப் பல்லாக்குங்கள். தோலை உரிக்க வேண்டாம். தட்டையான வேர்ப்பக்கம் கீழே, கூர்முனை மேலே. பல்லின் மேல் சுமார் 5 செ.மீ. மண், நிலம் உறையும் அளவு குளிரும் இடத்தில் 8 முதல் 10 செ.மீ. பல்லுக்குப் பல் 10 முதல் 15 செ.மீ., வரிசைக்கு வரிசை 20 முதல் 30 செ.மீ. தலைகீழாக நட்டாலும் முளைக்கும், ஆனால் கழுத்து வளைந்து உருவம் கெடும்.

மண் பொலபொலப்பாக இருக்க வேண்டும். கார அமிலத்தன்மை 6 முதல் 7 வரை. களிமண் நிலமென்றால் மேட்டுப்பாத்தி போடாமல் இறங்காதீர்கள். தேங்கிய தண்ணீரில் பூண்டு உட்கார்ந்தால் எழுந்திருக்காது.

இயற்கை உரம் எவ்வளவு போடலாம்? அதிகமானால் கெடுதல் இல்லையே?

இருக்கிறது. இயற்கை உரம் என்பதாலேயே அளவின்றிப் போடலாம் என்ற எண்ணம் பூண்டில் செல்லாது. நடுவதற்கு முன் நன்கு மக்கிய தொழு உரத்தை இரண்டு மூன்று செ.மீ. கனத்துக்குப் பரப்பி மேல்மண்ணோடு கலந்துவிடுங்கள். மக்காத பச்சைச் சாணம் வேண்டவே வேண்டாம்; ஈயும் அழுகலும் அதைத் தேடி வரும், உண்ணும் பயிரில் நோய்க்கிருமியும் ஒட்டும்.

தாள் வேகமாக வளரும் பருவத்தில் தழைச்சத்து கொடுக்கலாம். மண்புழு உரமோ பிண்ணாக்குக் கரைசலோ, இரண்டு மூன்று தவணை போதும். அடியில் பூண்டு திரளத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகு கொடுத்தால் பற்கள் அங்கேயே மறுபடி முளைவிட்டுத் துடைப்பம் போலத் தாள் தள்ளும். அப்படிப்பட்ட பூண்டு இருப்புக்கு ஆகாது.

களை எடுத்தே முதுகு ஒடிகிறது. வழி உண்டா?

மூடாக்குதான். பூண்டுத் தாள் ஒல்லியானது, நிழல் விழாது. வேர் மேலோட்டமானது, களையோடு போட்டி போட முடியாது. வைக்கோலோ சருகோ 5 முதல் 10 செ.மீ. கனத்துக்குப் போடுங்கள். மழை விடாமல் பெய்யும் நாட்களில் மட்டும் செடியின் கழுத்தை விட்டுச் சற்று விலக்கிவையுங்கள்.

இலை நுனி மஞ்சளாகிறது. நோயா?

கீழ் இலைகளின் நுனி மட்டும் என்றால் பதற்றம் வேண்டாம். தண்ணீர் குறைவு, கடும் குளிர், தழைச்சத்துப் பற்றாக்குறை என எதுவும் காரணமாகலாம். இலையில் வெள்ளி பூசியது போன்ற திட்டு இருந்தால் இலைப்பேன். இலை மடிப்புக்குள் பாருங்கள், ஒளிந்திருக்கும். வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் தெளிக்கலாம். மஞ்சளும் பச்சையுமாகக் கோடு கோடாக வந்தால் வைரஸ். மருந்து கிடையாது, அந்தச் செடியை விதைக்கு எடுக்காதீர்கள்.

பருவத்துக்கு முன்பே செடி முழுவதும் மஞ்சளாகி, இழுத்தால் வேரின்றி எளிதாக வந்துவிட்டால் அது வேறு கதை. கீழே வெண் அழுகல் பற்றிய பதிலைப் பாருங்கள்.

பூந்தண்டை ஒடித்துவிட வேண்டும் என்கிறார்கள். செடிக்கு வலிக்காதா?

என் பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டது. வலிக்கிறதோ இல்லையோ, அடியில் பூண்டு பெருக்கும். தண்டு தன் உச்சியில் சின்னஞ்சிறு குமிழ்களை வளர்க்கச் செலவிடும் சத்து கீழே இறங்கிவிடுகிறது. தண்டு சுருண்டு ஒரு வளையம் போட்டதும் ஒடியுங்கள். அப்போது இளசாக இருக்கும், சமைத்துச் சாப்பிடலாம். நிமிர்ந்த பிறகு நார்தான். நான்கைந்து தண்டுகளை மட்டும் விட்டுவையுங்கள், காரணம் பின்னால்.

மேலே எல்லாம் காய்ந்த பிறகு பிடுங்கினால் போதுமா?

போதாது, தாமதமாகிவிடும். ஒவ்வொரு பச்சை இலையும் பூண்டைச் சுற்றி ஓர் உறை. கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி இலைகள் வரை காய்ந்து, மேலே ஐந்தாறு பச்சையாக நிற்கும்போது எடுத்தால் ஐந்தாறு உறைகள் மிஞ்சும். முழுதும் காய விட்டால் உறை கிழிந்து பற்கள் மண்ணுக்குள்ளேயே பிரிந்துவிடும். சந்தேகமாக இருந்தால் ஒன்றைப் பிடுங்கிக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். பற்கள் தோலுக்குள் நிறைந்து பிதுங்கி நின்றால் சரியான நேரம். அறுவடைக்கு இரண்டு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும்.

எடுத்த பூண்டைக் கழுவாதீர்கள். தாளோடு கட்டி, நிழலில், காற்றோட்டத்தில் இரண்டு முதல் நான்கு வாரம் தொங்கவிடுங்கள். கழுத்து முற்றிலும் காய்ந்த பிறகு வெட்டலாம். அவசரப்பட்டு வெயிலில் பரப்பிய என் முதல் விளைச்சல் பாதி வெந்துபோனது.

எவ்வளவு காலம் கெடாமல் இருக்கும்? குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாமா?

ரகத்தைப் பொறுத்தது. ரோக்கம்போல் நான்கு மாதத்தில் களைத்துவிடும்; பார்சலின் ஆறு மாதம் தாங்கும்; ஆர்டிசோக் ஏழெட்டு மாதம்; சில்வர்ஸ்கின் நன்கு காயவைத்தால் ஓராண்டை நெருங்கும். ஆண்டு முழுதும் சொந்தப் பூண்டு வேண்டுமென்றால் இரண்டு ரகமாவது போட வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்: முதலில் சாப்பிட ஒன்று, கடைசியில் சாப்பிட ஒன்று.

குளிர்பதனப் பெட்டி வேண்டாம். குளிரைப் பற்றி மேலே சொன்னது நினைவிருக்கிறதா? பெட்டிக்குள் இருக்கும் 4 முதல் 10 டிகிரிக் குளிர் பூண்டுக்கு ‘முளை’ என்று சொல்லும் சைகை. காய்ந்த, காற்றோட்டமுள்ள, இருண்ட அறையில் வலைப்பையில் வையுங்கள். வணிகக் கிடங்குகளில் 0 டிகிரியை ஒட்டி வைக்கிறார்கள். வீட்டில் அது சாத்தியமில்லை.

ஒற்றைப் பல் பூண்டு, யானைப் பூண்டு, கருப்புப் பூண்டு: இவையும் ரகங்கள்தானே?

மூன்றும் ரகங்கள் அல்ல, மூன்றுக்கும் காரணம் வேறு. ஒற்றைப் பல் என்பது பிரியாமல் நின்றுபோன சாதாரணப் பூண்டு; அதை நட்டு, போதிய குளிர் கிடைத்தால் அடுத்த ஆண்டு பற்களாகப் பிரியும். யானைப் பூண்டு தாவரவியல்படி பூண்டே அல்ல. லீக் எனும் வெங்காய உறவின் இனம், மணமும் அதற்கேற்ப மெலிது. கருப்புப் பூண்டு வயலில் விளைவதில்லை. எந்தப் பூண்டையும் ஈரப்பதத்தோடு 60 டிகிரிக்கு மேல் வாரக்கணக்கில் வைத்திருந்தால் கறுத்து இனிக்கும். ‘கருப்புப் பூண்டு விதை’ என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

நல்ல வெள்ளையாக இருந்தால் ரசாயனம் போட்டது என்கிறார்களே. இயற்கைப் பூண்டைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?

முடியாது. வெள்ளை நிறத்துக்கு ரகமே போதுமான காரணம்; பார்சலின் இயற்கையிலேயே வெள்ளை. அழுக்கான வெளித்தோலை இரண்டு சுற்று உரித்தாலும் எதுவும் வெளுத்துவிடும். அளவும் மண் ஒட்டியிருப்பதும்கூட அடையாளம் அல்ல. மண்ணைத் தடவி ‘இயற்கை’ என்று விற்பதற்குப் பெரிய திறமை தேவையில்லை.

இயற்கை என்பது பூண்டின் தோற்றத்தில் இல்லை, நிலத்தின் வரலாற்றில் இருக்கிறது. சான்றிதழ் விதிகள் நாட்டுக்கு நாடு மாறினாலும் சாரம் ஒன்றுதான்: தடைசெய்யப்பட்ட உரமும் மருந்தும் இல்லாமல் நிலம் இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்திருக்க வேண்டும், கதிர்வீச்சும் செயற்கை முளைத்தடுப்பு மருந்தும் கூடாது. சான்றிதழ் இல்லாத சிறு விவசாயியிடம் வாங்கினால் நான்கு கேள்விகள் கேளுங்கள்: போன ஆண்டு இதே பாத்தியில் என்ன இருந்தது, களையை எப்படி எடுத்தீர்கள், விதை எங்கிருந்து வந்தது, இலைப்பேன் வந்தபோது என்ன செய்தீர்கள். உண்மையாக வளர்த்தவர் உற்சாகமாகப் பேசுவார், நிறுத்துவதுதான் கஷ்டம்.

ஊதா வரி ரகம் வாங்கி நட்டேன், வெள்ளையாக விளைந்தது. ஏமாற்றிவிட்டார்களா?

அவசரப்பட வேண்டாம். தோலின் நிறம் மண், குளிர், ஈரம் ஆகியவற்றுக்கேற்ப ஆண்டுக்காண்டு மாறும். ஒரே ரகம் ஒருவரிடம் ஊதாவாகவும் இன்னொருவரிடம் வெளிறியும் விளையலாம். பல்லின் எண்ணிக்கை, அமைப்பு, தண்டு சுருளும் விதம் ஆகியவற்றைப் பாருங்கள். குழுவின் குணம் அவற்றில் நிலைத்திருக்கும்.

மறுபக்கமும் உண்டு. கைமாறும் ஒவ்வொரு ஊரிலும் பூண்டுக்குப் புதுப் பெயர் சூட்டப்படுகிறது. மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், வெவ்வேறு பெயர் கொண்ட பல ரகங்கள் ஒன்றே என்று தெரியவந்தது. அதனால்தான் பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்க நான் தயங்குவேன். குழு தெரிந்தால் போதும்.

அடியில் பஞ்சு போல வெள்ளையாகப் படர்ந்து, பூண்டு அழுகியிருக்கிறது. அடுத்த ஆண்டு சுண்ணாம்பு போட்டு நடலாமா?

வெள்ளைப் படலத்தில் கசகசா அளவில் கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா? இருந்தால் அது வெண் அழுகல் நோய். அந்தப் புள்ளிகள் மண்ணில் 20 ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு உறங்கும். பூண்டு, வெங்காய வேரின் வாசனை பட்டால் விழித்துக்கொள்ளும். சுண்ணாம்பு அதை ஒழிக்காது. நோயுற்ற செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு தோண்டி எடுத்து அப்புறப்படுத்துங்கள். மக்கு உரக் குழியில் போடவே கூடாது. அந்தப் பாத்தியில் பூண்டு, வெங்காயக் குடும்பத்துக்கு இனி இடமில்லை. மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த பாத்திக்குப் போகாதீர்கள்.

அந்த வாசனையையே பொறியாக்கும் உத்தி ஒன்று உண்டு. பயிர் இல்லாதபோது, மண் குளிர்ந்திருக்கும் பருவத்தில், பூண்டுப் பொடியை மண்ணில் கலந்தால் பூஞ்சை ஏமாந்து முளைத்து உணவின்றிச் சாகும். எண்ணிக்கை குறையும், முழுதாக ஒழிந்துவிடாது. நோய் இல்லாத நிலத்திலும் மூன்று நான்கு ஆண்டு பயிர்ச் சுழற்சி அவசியம்.

பத்து ஆண்டுகளாக என் விதையையே நடுகிறேன். பூண்டு சிறுத்துக்கொண்டே வருகிறது. ரகம் கெட்டுவிட்டதா?

ரகம் கெடவில்லை. தாயே தொடர்கிறது என்றேன் அல்லவா, அதன் கூலி இது. ஆண்டுக்காண்டு வைரஸ்கள் சேர்ந்து செடியை மெலியவைக்கின்றன. ஆய்வகத்தில் வளர்நுனித் திசுவிலிருந்து வைரஸ் நீக்கிய விதைப்பூண்டு கிடைத்தால் வாங்குங்கள், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

வெட்டாமல் விடச் சொன்ன தண்டுகள் இங்கே உதவும். உச்சியில் வரும் குமிழ்கள் மண்ணைத் தொடாதவை. ஆகவே மண்ணில் இருக்கும் பூஞ்சையும் நூற்புழுவும் அவற்றில் பெரும்பாலும் இருக்காது. அவற்றைத் தூய்மையான பாத்தியில் விதைத்தால் முதல் ஆண்டு சிறு உருண்டை, இரண்டாம் மூன்றாம் ஆண்டில் முழுப்பூண்டு. பார்சலின் குமிழ்கள் அரிசி அளவில் ஏராளமாக வரும், பொறுமை அதிகம் வேண்டும். ரோக்கம்போலில் எண்ணிக்கை குறைவு, அளவு பெரிது, ஓராண்டு மிச்சம். வைரஸை மட்டும் இந்த வழியில் விரட்ட முடியாது, அது குமிழுக்கும் ஏறிவிடும்.

மருந்தே அடிக்காத சொந்தப் பூண்டு. உரித்து எண்ணெயில் ஊறவைத்து அலமாரியில் வைக்கலாம்தானே?

கூடாது. இதில் இயற்கை, செயற்கை என்ற பேதமே இல்லை. மண்ணில் இயல்பாக இருக்கும் போட்டுலினம் நுண்ணுயிரியின் வித்துகள் பூண்டில் ஒட்டியிருக்கும். காற்றுப் புகாத, புளிப்பில்லாத எண்ணெய்க்குள் அவை நஞ்சை உருவாக்கும். வாசனையோ நிறமோ காட்டிக்கொடுக்காது. 1985இல் கனடாவின் வான்கூவரில் எண்ணெயில் இட்ட பூண்டைச் சாப்பிட்ட 30க்கும் மேற்பட்டோர் இந்த நஞ்சால் பாதிக்கப்பட்டார்கள். வேண்டும்போது கொஞ்சமாகச் செய்து, குளிர்பதனப் பெட்டியில் வைத்து, இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். மிச்சத்தை உறைபெட்டியில் போடலாம்.

விதைக்குப் பெரியதை எடுத்துவைத்தால் சாப்பிடச் சிறியதுதான் மிஞ்சுகிறது. சிறியதை நட்டால் என்ன? எல்லாம் ஒரே தாய் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?

மடக்கிவிட்டீர்கள். மரபணு ஒன்றுதான், ஆனால் பல் என்பது செடிக்குக் கட்டுச்சோறு. பெரிய பல் முளைக்குப் பெரிய மூட்டை, அதனால் விளைவதும் பெரிது. கூடவே, ஒரே பாத்தியில் பெருத்து நிற்பவை பெரும்பாலும் நோய் குறைந்தவை. சிறுத்ததையே பொறுக்கி நட்டால் வைரஸ் ஏறியதைத் தேடித் தேடி நடுவதாகிவிடும்.

ஒரு கிலோ நட்டால் நல்ல ஆண்டில் ஐந்து முதல் எட்டு கிலோ வரை வரும். ஆக, விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு, நன்கு பெருத்த, தோல் கிழியாத பூண்டுகளாகப் பார்த்து அறுவடை அன்றே தனியாகக் கட்டிப் பெயர் எழுதித் தொங்கவிடுங்கள். சமையலறையிலிருந்து கை எட்டாத உயரத்தில்.